மூன்று மாதமாக எலியைத் தொடாத பால் பைத்தன்

கேள்வி: பினாங்கு, பாயான் லெப்பாஸில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமத்தோடு மூன்று வயது ஆண் பால் பைத்தன் (ball python என்கிற மலைப்பாம்பு) ஒன்றை வளர்க்கிறேன். அக்டோபர் நடுவில் கடைசியாக ஓர் எலியைத் தின்றது. இப்போது ஜனவரி இரண்டாம் வாரம். வாரா வாரம் கொடுத்துப் பார்க்கிறேன். மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. அக்டோபரில் 1,420 கிராம் இருந்தது, நேற்று 1,365. பகல் முழுக்க ஹீட் மேட் (தொட்டியைச் சூடாக்கும் மின்விரிப்பு) பக்கத்து மறைவிடத்தில் அசையாமல் கிடக்கிறது. இரவு பதினொன்றுக்கு மேல் விடியும்வரை கண்ணாடியை முட்டி முட்டிச் சுற்றுகிறது. செப்டம்பர் கடைசியில் தொட்டியை ஹாலிலிருந்து என் படுக்கையறைக்கு மாற்றினேன். இரவில் ஏர்கானை 20-இல் வைத்துத் தூங்குவோம். கோலாலம்பூர் நண்பர் ஒருவர், "குளிர்காலத் தூக்கத்துக்குப் போகிறது, ஹீட் மேட்டை அணைத்துவிடு" என்கிறார். அவருடைய கார்ன் ஸ்னேக் மட்டும் வருடம் முழுக்கத் தின்கிறதாம். கடைக்காரர் உயிருள்ள எலியைப் போடச் சொல்கிறார். அம்மாவோ, "பாம்புக் கோவில் பாம்பும் இப்படித்தானே கிடக்கும், சும்மா விடு" என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மூன்று பேரில் உங்கள் அம்மாதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறார். நண்பர் சொன்னதையும் கடைக்காரர் சொன்னதையும் செய்யாதீர்கள். உங்கள் கணக்குப்படி மூன்று மாதத்தில் குறைந்தது 55 கிராம். நூற்றுக்கு நான்குகூட இல்லை. வளர்ந்த ஆண் பால் பைத்தனுக்கு இது பயப்படும் அளவு இல்லை. எடையைவிட எனக்கு உறுத்துவது, தொட்டியை ஏர்கான் அறைக்கு மாற்றியதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான்.

முதலில் குளிர்காலத் தூக்கத்தை முடித்துவிடுவோம். கார்ன் ஸ்னேக்கின் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள். அங்கே உண்மையான குளிர்காலம் உண்டு. இனப்பெருக்கத்துக்காக அதை வளர்ப்பவர்கள் சிலர் குடலைக் காலியாக்கிவிட்டு, 10 முதல் 13 டிகிரியில் இரண்டு மூன்று மாதம் வைத்திருப்பார்கள். அது அந்தப் பாம்பின் உடம்புக்குப் பழகிய வழி. பால் பைத்தனோ செனகலிலிருந்து உகாண்டா வரையிலான மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளையும் விளைநிலங்களையும் சேர்ந்தது. எலி வளையிலும் கறையான் புற்றிலும் பதுங்கி வாழும். அங்கே மழைக்காலம், வறண்ட காலம் என்றுதான் பிரிவு. பாம்பு விறைத்துப்போகும் குளிர் கிடையாது. ஆகவே அதன் உடம்பில் குளிர்காலத் தூக்கம் என்கிற ஏற்பாடே இல்லை. 20 டிகிரியில் ஹீட் மேட்டையும் அணைத்துப் போட்டால் அது தூங்காது, நோய்வாய்ப்படும். செரிமானம் நின்றுவிடும், எதிர்ப்புச் சக்தி இறங்கும், நுரையீரலில் சளி கட்டும். பாம்புக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. சளியை இருமித் துப்ப அதனால் முடியாது. ஏர்கான் அறைப் பாம்புகளுக்குச் சளி பிடித்தால் லேசில் விடாததற்கு அதுதான் காரணம்.

நண்பரின் கார்ன் ஸ்னேக் வருடம் முழுக்கத் தின்பதில் அதிசயம் எதுவும் இல்லை. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று டிகிரியில் இருக்கிறது. அங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 22 நிமிடம்தான். ஐந்தரை டிகிரியில் இருக்கும் பினாங்கில் 37 நிமிடம் வரும். இரவு வெப்பநிலையும் பெரும்பாலும் 23, 24-க்குக் கீழே போவதில்லை. குளிர்காலம் வந்துவிட்டது என்று அந்தப் பாம்புக்குச் சொல்ல வெளியே எந்த அடையாளமும் இல்லை. அதனால் அது தின்றுகொண்டே இருக்கிறது.

அப்படியானால் உங்கள் பாம்பு மட்டும் ஏன் அக்டோபரில் வாயை மூடியது? இதற்கு இரண்டு காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன.

ஒன்று, அதன் பருவம். பால் பைத்தன் மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் முட்டையிடும். அதற்கு முந்தைய மாதங்கள் இணைசேரும் காலம். அந்த மாதங்களில் வளர்ந்த ஆண் பாம்புக்கு வயிறு இரண்டாம்பட்சம். ஏறக்குறைய 700 கிராமைத் தாண்டிய ஆண்கள் பலவும் வருடத்துக்கு ஒருமுறை இப்படி விரதம் இருக்கும். நான்கு மாதம் சாதாரணம். ஆறு மாதம்வரை போய்விட்டு ஒன்றும் நடக்காததுபோல் எலியைப் பிடித்துச் சுற்றிக்கொள்ளும் பாம்புகளும் உண்டு. வெப்பநிலையைக் கொஞ்சமும் மாற்றாமல் வைத்திருக்கும் தொட்டியிலும் இது நடக்கும். பகலில் பதுங்கல், நள்ளிரவுக்கு மேல் தொட்டியின் விளிம்பு விளிம்பாக மூக்கால் துழாவிக்கொண்டு நடை என்று நீங்கள் எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் பெண்ணைத் தேடும் ஆணின் நடைதான்.

இரண்டாவது, நீங்களே உண்டாக்கிய பருவம். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர்தான் மழை கொட்டும் மாதங்கள்; ஜனவரி, பிப்ரவரி வறண்டு கிடக்கும். தொடர்ந்து மழை பிடித்தால் பகலிலும் வெளியே 26, 27 டிகிரிக்கு இறங்கலாம். ஆனால் அது உங்கள் பாம்புக்குப் பெரிய விஷயமே இல்லை. ஹாலில் 27 டிகிரியில் தூங்கிய பிராணி, ஒரே நாளில் இரவு பத்து மணிக்குமேல் 20, 21-க்கு இறங்கும் அறைக்கு வந்திருக்கிறது. பினாங்கு வானம் வருடம் முழுக்கத் தராத குளிரை உங்கள் ஏர்கான் ஒவ்வோர் இரவும் தருகிறது. பகல் முழுக்க ஹீட் மேட்டை விட்டு நகராமல் கிடப்பது அதற்குத்தான். ஒழுங்கான தொட்டியில் பாம்பு இரண்டு பக்கமும் மாறி மாறிப் படுக்கும். ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் மறுபக்கம் அதற்குப் பிடிக்கவில்லை என்று பொருள்.

இரண்டில் எது எவ்வளவு என்பதைக் கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. வெப்பமானியும் தராசும் சொல்லும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானி உங்களிடம் இருந்தால் கழற்றிக் குப்பையில் போடுங்கள். அது பாம்பின் முதுகுக்கு ஒரு சாண் மேலே இருக்கும் காற்றை, அதையும் தப்பாகவே, காட்டும். நீண்ட ஒயரின் முனையில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்குங்கள். உச்சத்தையும் தாழ்வையும் நினைவில் வைக்கும் வகையாகப் பாருங்கள். ஒரு முனையைச் சூடான பக்கத்து மறைவிடத்துக்குள் தரையில் வையுங்கள், மற்றொன்றைக் குளிர்ந்த பக்கத்துத் தரையில். மூன்று நாள் எதையும் மாற்றாமல் காலை, பிற்பகல், இரவு என்று குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்கு வரும் தாழ்வுதான் உங்கள் பாம்பின் உண்மையான வாழ்க்கை.

வரவேண்டிய அளவு இதுதான்: சூடான மறைவிடத்தின் தரை 31 முதல் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, இரவில் எந்த மூலையிலும் 24-க்குக் கீழே போகக்கூடாது. குளிர்ந்த பக்கம் விடியற்காலையில் 21 என்று காட்டினால், பாம்பு தின்னாததற்கு இணைசேரும் பருவத்தை மட்டும் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது.

தொட்டியைத் திரும்ப ஹாலுக்கே கொண்டுபோவதுதான் எனக்குப் பிடித்த வைத்தியம். ஏர்கான் இல்லாத பினாங்கு ஹாலில் பகல் 28 முதல் 30, இரவு 26, 27 என்று நிற்கும். பால் பைத்தனின் குளிர்ந்த பக்கத்துக்கு வேண்டியது கிட்டத்தட்ட அதே அளவு. நீங்கள் காசு செலவழிக்காமல் கிடைக்கிறது. ஹீட் மேட் ஒரு மூலையைக் கூடுதலாகச் சூடாக்கினால் போதும். ஒன்றில் மட்டும் கவனம்: மேற்குப் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். பிற்பகல் நான்கு மணி வெயில் நேராக விழுந்தால் கண்ணாடித் தொட்டி ஒரு மணி நேரத்துக்குள் பாம்பு தாங்காத சூட்டுக்கு ஏறிவிடும். நம் ஊரில் குளிரைவிட இதுதான் வேகமாகக் கொல்லும்.

படுக்கையறையில்தான் வைத்தாக வேண்டும் என்றால் ஏர்கானை 25, 26-இல் வையுங்கள். காற்று தொட்டியின்மேல் அடிக்காதபடி இறகுகளைத் திருப்புங்கள். தொட்டியின் பின்பக்கத்துக்கும் இரு பக்கங்களுக்கும் ஃபோம் பலகை வைத்து மூடி, முன்பக்கத்தையும் மேல் காற்றுவழியையும் திறந்து விடுங்கள். அப்போதும் ஒரு சிக்கல் மீதி இருக்கும். ஹீட் மேட் தரையைத்தான் சூடாக்கும், காற்றைச் சூடாக்காது. அறை 21 டிகிரி என்றால் வயிறு 32-இலும் மூக்கு 21-இலும் இருக்கும். பாம்பு மூச்சிழுப்பது குளிர்ந்த காற்றை. அப்படிப்பட்ட அறையில் மேலிருந்து சூடு தரும் செராமிக் ஹீட்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டிவரும். அதற்குப் பீங்கான் ஹோல்டர்தான் ஆகும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். பாம்பு ஏறிச் சுற்றிக்கொள்ளாதபடி கம்பிக் கூடு போடுங்கள். ஹீட் மேட்டைப்போல் அதற்கும் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டை அளவோடு நிறுத்தும் கருவி, வேண்டும்.

உங்கள் கடிதத்தில் தெர்மோஸ்டாட் என்ற சொல்லே வரவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே வாங்குங்கள். மற்ற எதையும் தள்ளிப்போடலாம், இதை வேண்டாம். கட்டுப்பாடில்லாத ஹீட் மேட், பகலில் அறை 30 டிகிரி இருக்கும்போது, கண்ணாடித் தரையை 40-க்கு மேலேயும் கொண்டுபோகும். பாம்பு சூட்டை வயிற்றுப்புறத்தில் சரியாக உணர்ந்து விலகும் என்று நம்ப முடியாது; வெந்துகொண்டே அதன்மேல் படுத்திருக்கும். தொட்டிக்கு வெளியே, அடித்தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேட்டை ஒட்டி, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தெர்மோஸ்டாட்டின் உணரியை டேப் போட்டு நிறுத்துங்கள். உள்ளே வைத்தால் பாம்பு புரட்டிப்போடும், அல்லது அதன்மேல் கழிக்கும். உணரி குளிர்ந்த இடத்துக்கு நகர்ந்தால் மேட் நிற்காமல் எரியும். பிறகு உள்ளே தரையை துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து, 32 வரும்வரை தெர்மோஸ்டாட்டை ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டுங்கள். கண்ணாடி சூட்டைக் கொஞ்சம் விழுங்கும் என்பதால் தெர்மோஸ்டாட்டில் காட்டும் எண் உள்ளே இருப்பதைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகத்தான் இருக்கும். மேட் இருக்கும் இடத்தில் தேங்காய் நார்த்தூள் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். கனமாகப் போட்டால் மேற்பரப்பு ஆறியிருக்கும், அடித்தரை கொதிக்கும். பாம்பு தோண்டிக்கொண்டு கீழே போய்ப் படுக்கும். தொட்டியின் நான்கு மூலைக்கும் ரப்பர் கால் வைத்துத் தூக்குங்கள்.

இன்னொன்று. ஆன்லைனில் வரும் மலிவு மேட்களில் பாதிக்கு இரண்டு முள் பிளக்தான். சாக்கெட்டின் மேல் ஓட்டையைப் பேனா மூடியால் தள்ளித் திறந்து அதைச் செருகும் பழக்கம் நம் வீடுகளில் சர்வசாதாரணம். இரவும் பகலும் மாதக்கணக்கில் எரியும் சாதனத்துக்கு அந்த விளையாட்டு வேண்டாம். சிரிம் (SIRIM) தரமுத்திரை உள்ள மூன்று முள் அடாப்டர் வாங்குங்கள்.

ஈரப்பதத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் அநேகமாகத் தலைகீழாகக் கவலைப்படுகிறார்கள். வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டுத் தினமும் தண்ணீர் தெளிக்கிறார்கள். அவை ஹீட்டர் ஓடும் வறண்ட வீடுகளுக்கு எழுதியவை. பாம்புக்கு வேண்டியது 55 முதல் 65 விழுக்காடு. சட்டை உரிக்கும் வாரத்தில் 70-க்கு மேல். செப்டம்பர், அக்டோபர் மழையில் பினாங்குக் காற்றே 85, 90-இல் நிற்கும். அப்போது தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள், நார்த்தூளை எடுத்துவிட்டுச் செய்தித்தாள் விரியுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைக் குளிர்ந்த பக்கத்துக்கு நகர்த்துங்கள். ஈரப் படுகையில் வாரக்கணக்கில் கிடந்தால் வயிற்றுச் செதில்களில் பழுப்பு அல்லது சிவப்புக் கொப்புளம் வரும். செதில் அழுகலின் தொடக்கம் அது. வறண்ட ஜனவரியில் ஏர்கானும் ஓடினால் நிலைமை நேர்மாறு: ஈரப்பதம் 50-க்குக் கீழே இறங்கி, சட்டை துண்டு துண்டாக உரியும், வால் நுனியிலும் கண்ணிலும் பழைய தோல் ஒட்டிக்கொள்ளும். அதற்கு முழுத் தொட்டியையும் நனைக்க வேண்டாம். மூடியுள்ள ஒரு பெரிய தாப்பாவ் (சாப்பாடு கட்டித் தரும்) பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஓரத்தைத் தேய்த்து மழமழவென்று ஆக்கி, பிழிந்த ஈரப் பாசியை நிரப்பிச் சூடான பக்கத்தையும் குளிர்ந்த பக்கத்தையும் பிரிக்கும் இடத்தில் வையுங்கள். வேண்டும்போது அதுவே உள்ளே போய்க்கொள்ளும். கண் பால்போல் மங்கியிருக்கும் நாட்களில் எலி கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த வாரம் மறுத்ததை விரதக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

அதே அறையில் சாம்பிராணி போடுகிறீர்களா, கொசுவர்த்தி ஏற்றுகிறீர்களா, பூச்சி மருந்து அடிக்கிறீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி ஹாலில் இருக்கட்டும். தொட்டி உள்ள அறைக்கு வேண்டாம். பூச்சி மருந்து எந்த நாளும் வேண்டாம். புகைமூட்டக் காலத்தில் ஜன்னலை மூடி வையுங்கள்.

சத்தத்தையும் சொல்லவேண்டும். பாம்புக்குக் காது கேட்காது என்பது பாதி உண்மை. பால் பைத்தனை வைத்தே செய்து 2012-இல் வெளியான ஆய்வில், 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வுகளை அது நன்றாக உணர்கிறது என்று தெரிந்தது. தரை வழியாக வரும் அதிர்வு காற்றில் வரும் சத்தத்தைவிட அதற்கு முக்கியம். தொட்டி நிற்கும் அலமாரியிலேயே ஸ்பீக்கர் இருந்தாலோ, அடுத்த சுவரில் சலவை இயந்திரம் சுழன்றாலோ, கீழ்த்தளத்தில் வெடி வெடித்தாலோ அந்த இரவு எலி கொடுத்துப் பயனில்லை. விரதம் தொடங்கும் மாதங்களில் தீபாவளி, நடுவில் சீனப் புத்தாண்டு. எனவே நாட்காட்டியைப் பார்த்து நாள் குறியுங்கள்.

இனி எலி. வாரா வாரம் கொடுப்பதை நிறுத்துங்கள். பசியில்லாத பாம்பின் முகத்துக்கு நேரே ஏழு நாளுக்கு ஒருமுறை எலியை ஆட்டினால், எலியைக் கண்டாலே பின்வாங்கும் பழக்கம்தான் வளரும். வெப்பநிலையைச் சரிசெய்த பிறகு இரண்டு வாரம் எதுவும் கொடுக்காமல், கையிலும் எடுக்காமல் விடுங்கள். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். எடை 1,365 கிராம் என்றால் வழக்கமான எலி 70 முதல் 90 கிராம் இருக்கலாம். ஆனால் மூன்று மாத வெறும் வயிற்றுக்கு முதல் எலி 50, 60 கிராமில் இருக்கட்டும். உறைந்த எலியை முந்தின இரவே குளிர்பெட்டியின் கீழ்த் தட்டுக்கு மாற்றி உருக விடுங்கள். மறுநாள் இரவு ஒன்பதரைக்குமேல், பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, கை பொறுக்கும் சுடுநீரில் இருபது நிமிடம் வைத்து, எலியின் தலைப்பகுதி 38 முதல் 40 டிகிரிக்கு வந்ததும் ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள். பால் பைத்தன் மேலுதட்டுக் குழிகளால் சூட்டைப் பார்த்துத் தாக்கும் பிராணி. உடம்பு சூடாகவும் தலை ஆறியும் இருந்தால் அது குழம்பும், சில சமயம் வாலைப் பிடித்துவிட்டு விடும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்: வெளியே பச்சையாக இருக்கும், வயிறு வெந்து வெடிக்கும். நீண்ட இடுக்கியில் எலியின் இடுப்பைப் பிடித்து, மறைவிடத்து வாசலுக்கு எதிரே காட்டிவிட்டு, இரண்டு நிமிடத்துக்குள் பிடிக்காவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு விளக்கை அணைத்து வெளியேறுங்கள். நம் சூட்டில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குமேல் கிடந்தால் நாறும், எடுத்து எறிந்துவிடுங்கள். திரும்ப உறைய வைக்காதீர்கள்.

தின்ற பிறகு 48 மணி நேரம் தூக்கக்கூடாது. அந்த இரண்டு இரவும் ஏர்கான் 20-க்கு இறங்கினால், வயிற்றில் எலி செரிக்காமல் அழுகும். மூன்றாம் நாள் கக்கிவிடும். கக்குவது விரதத்தைவிட மோசம்; உடம்பிலிருந்து அமிலமும் தண்ணீரும் சேர்ந்து போகும். அப்படி நடந்தால் குறைந்தது இரண்டு வாரம் விட்டு, பாதி அளவு எலியிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் முறையும் கக்கினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் வாருங்கள்.

உயிருள்ள எலியைப் பற்றிக் கடைக்காரருக்குச் சொல்லுங்கள்: பசியில்லாத பாம்பின் தொட்டியில் எலியைப் போட்டால் கடிபடுவது பாம்புதான். பாம்பு திருப்பித் தாக்காமல் படுத்திருக்கும். எலி அதன் முதுகை எலும்பு தெரியும்வரை கொறிக்கும். வாயைத் திறந்து வலுக்கட்டாயமாக ஊட்டுவதும் இந்த நிலையில் தேவையில்லை.

அம்மா சொன்ன பாம்புக் கோவிலுக்கு வருவோம். சுங்கை குளுவாங்கில் கிளையில் சுருண்டு கிடக்கும் பச்சைப் பாம்புகள் வாக்ளர் குழிவிரியன்கள். ஊதுவத்திப் புகையில் மயங்கிக் கிடக்கின்றன என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்வதுண்டு. புகை இல்லாத காட்டிலும் அவை அப்படியேதான், ஒரே கிளையில் நாள் கணக்கில் அசையாமல் இருக்கும். இரை தானே வரும்வரை காத்திருக்கும் இனம். பால் பைத்தனும் அதே வகை. அசையாமல் கிடப்பது நோயின் அடையாளம் ஆகாது. எழுப்பும்போது எப்படி எழுகிறது என்பதுதான் விஷயம். உடம்பின் நடுவில் மெதுவாகத் தொடுங்கள். நாக்கை நீட்ட வேண்டும், தலை திரும்ப வேண்டும். கையில் எடுத்து முதுகு கீழே வரும்படி மெதுவாகப் புரட்டினால் உடனே தன்னைத் திருப்பிக்கொள்ள வேண்டும். திருப்பிக்கொள்ளாமல் தொங்கினாலோ, தலை வானத்தைப் பார்த்தபடி வளைந்து நின்றாலோ, அதற்குப் பருவம் காரணம் இல்லை. நரம்பைத் தாக்கும் தொற்று இருக்கலாம்.

பெண் பாம்பு வளர்ப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. பெண், முட்டை வளரும்போது முதலில் பேய்ப்பசியாகத் தின்னும், பிறகு நிறுத்திவிடும். சூடான பக்கத்தைவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிப் படுக்கும், நடு உடம்பு பருக்கும். ஆணோடு சேராத பெண்ணும் கருவில்லா முட்டை இடுவதுண்டு. கடையில் ஆண் என்று சொல்லிக் கொடுத்தது பெண்ணாக இருப்பது புதிதல்ல. உங்களுடையதை யாரும் முறையாகச் சோதித்து ஆண் என்று சொல்லவில்லையென்றால், அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் கம்பி விட்டுப் பார்க்காதீர்கள். 300 கிராமுக்குக் கீழே இருக்கும் குட்டிகளுக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன பொறுமை எதுவும் பொருந்தாது. அவற்றுக்குப் பருவ விரதம் கிடையாது. ஐந்து வாரம் தின்னாவிட்டால் காட்டிவிடுங்கள்.

உங்கள் நோட்டில் இப்போதே ஓர் எண்ணை எழுதிவையுங்கள்: 1,278. அக்டோபர் எடையில் பத்து விழுக்காடு குறைந்தால் வரும் அளவு அது. பத்து நாளுக்கு ஒருமுறை, ஒரே தராசில், கழித்த பிறகு நிறுங்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுப் பாம்பை அதில் விட்டால் சுலபம். கழிவதற்கு முன்னும் பின்னும் முப்பது, நாற்பது கிராம் வித்தியாசம் வரலாம் என்பதால் ஒரு தடவை இறங்கியதற்குப் பதறாதீர்கள், போக்கைப் பாருங்கள். 1,278-க்கு வந்துவிட்டாலோ, எடை எப்படியிருந்தாலும் முதுகெலும்பு கூரைமுகடுபோல் துருத்தினாலோ கொண்டுவாருங்கள். மூக்கோரம் குமிழி, வாயைத் திறந்தபடி தலையைத் தூக்கி மூச்சுவிடல், கடிகாரம்போல் டிக் டிக் சத்தம் இருந்தால் அன்றைக்கே. சட்டை உரிக்கும் நேரத்தில் மூக்குத் துவாரத்தில் தோல் அடைத்து மெல்லிய விசில் வரும். உரித்ததும் நின்றுவிட்டால் விட்டுவிடலாம். தண்ணீர்க் கிண்ணத்தில் நாள் முழுக்க ஊறிக் கிடந்தால் இரண்டில் ஒன்று: தொட்டி மிகச் சூடு, அல்லது உண்ணி. கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் மிதக்கின்றனவா, தாடைக்கு அடியில் உள்ள மடிப்பில் ஒட்டியிருக்கின்றனவா என்று வெள்ளைத் தாளால் துடைத்துப் பாருங்கள்.

வெப்பநிலை சரியான மூன்று நான்கு வாரத்தில் எலியைப் பிடித்துக்கொண்டால் உங்கள் ஏர்கான்தான் பெரிய பங்கு காரணம். தின்னாமலே ஆரோக்கியமாகச் சுற்றிக்கொண்டு எடையும் நிலையாக இருந்தால் இணைசேரும் பருவம். மார்ச், ஏப்ரலுக்குள் தானாகவே பசி திரும்பும். முதல் எலிக்குப் பிறகு பத்து, பன்னிரண்டு நாள் விட்டு, கழித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அடுத்ததைக் கொடுங்கள்; மூன்றாவது எலியிலிருந்து வழக்கமான அளவுக்கு ஏறலாம். ஏப்ரல் முடிந்தும் தொடாவிட்டால் எடை குறையாவிட்டாலும் ஒருமுறை காட்டுங்கள். வரும்போது வெப்பநிலை எழுதிய நோட்டு, எடைப் பட்டியல், இரவில் சுற்றும்போது எடுத்த ஒரு நிமிட வீடியோ, அன்றைய கழிவு கிடைத்தால் சுத்தமான டப்பாவில் அது, எல்லாம் வேண்டும். பாம்பைத் தலையணை உறையில் விட்டு வாயை முடிந்து, காற்றோட்டம் உள்ள பெட்டிக்குள் வையுங்கள். காரில் ஏர்கான் அந்தப் பெட்டியின்மேல் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.